மாஸ்டர் வீட்டு உப்பு

சோற்றில் உப்பு ஒரு கல் கூடினாலே தட்டைத் தள்ளிவிடுகிற மகள், அன்று மத்தியானம் உப்பு டப்பாவைத் தன் பக்கம் இழுத்து, ஒரு பிடி அள்ளி மேலே தூவிக்கொண்டு, "இன்னும் பத்தலைப்பா" என்றாள். மாஸ்டர் ஒரு வாய் எடுத்துப் பார்த்தார். தொண்டை வரைக்கும் கரித்தது. ஆனாலும் அடுத்த வாய்க்குக் கை தானாகப் போனது.

மாஸ்டர் என்றால் டீ மாஸ்டரோ சண்டை மாஸ்டரோ இல்லை, ஃபெங் சுயி என்கிற சீன வாஸ்து மாஸ்டர். வீட்டில் கெட்ட சக்தி என்று கூப்பிட்ட இடத்துக்குப் போவார். வாசலில் எண்கோணக் கண்ணாடி, ஜன்னலில் காற்றுமணி, மூலைக்கு மூலை கிண்ணத்தில் கல்லுப்பு. கெட்டதை எல்லாம் உப்பு உறிஞ்சிக்கொள்ளும், பிறகு நானே எடுத்துப்போய் ஓடுகிற ஆற்றில் கரைத்துவிடுவேன் என்பார். ஆறாவது, கரைப்பதாவது! பின்னறையில் ஒரு மூட்டை. அதில் கொட்டிவைத்து, அடுத்த வீட்டுக்கு அதையே அள்ளிக்கொண்டு போவார். தொழிலில் அவருக்கு எள்ளளவும் நம்பிக்கை கிடையாது. மகள்மேல்தான் உயிர். ஒரே பெண், தவமாய்த் தவமிருந்து பெற்றது.

கடைசியாகப் போன வீட்டில் ஒரு குழந்தை தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்திருந்தது. இவர் வீட்டுக்குப் பின்னால் இருப்பது போலவே தரைக்குள் கட்டிய தொட்டி, மேலே கனமான இரும்பு மூடி. உப்பு வைக்கப் போன அன்றும், எடுக்கப் போன அன்றும், பெற்றவர்கள் இருவரும் அந்த மூடிமேலேயே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஐயோ பாவம், பிள்ளை போன இடத்தை விட்டு எழுந்துபோக இவர்களுக்கு மனசு வரவில்லை என்று அவருக்கே கண் கலங்கியது. "இந்த உப்பு யார் வாயிலயும் படாதே?" என்று அந்தத் தகப்பன் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இது ஏதுடி உப்பு?" என்றார் மாஸ்டர், சோற்றுத் தட்டைக் காட்டி மனைவியிடம்.

"வீட்டுல தீர்ந்துபோச்சு. நீங்கதான் பின்னால மூட்டையா வச்சிருக்கீங்களே, அதுல எடுத்தேன். ஏங்க, ஊருக்கெல்லாம் குடுப்பீங்க, பொண்டாட்டி தொட்டா தீட்டா?"

அவளுடைய உதடுகள் வெள்ளையாகப் பூத்திருந்தன. மாஸ்டர் சிரித்துவைத்தார். அவருக்குத்தான் நம்பிக்கை கிடையாதே.

சாயங்காலம் முழுக்க மகள் தண்ணீர் குடித்தாள். குடம் காலியாகி, அடுத்த குடமும் பாதியாகி, சட்டையின் முன்பக்கம் நனைந்து வயிற்றோடு ஒட்டிக்கிடக்க, மூச்சுவிடக்கூட நிறுத்தாமல் மடக் மடக்கென்று குடித்துக்கொண்டே இருந்தாள். "உப்பைத் தின்னவ தண்ணி குடிச்சுத்தானே ஆகணும்" என்றாள் மனைவி, எதையோ நக்கியபடி. வெயில் இறங்கியது. மூடியே கிடக்கும் தொட்டியைத் திறந்தால் வருமே, பாசியும் ஈரச் சிமெண்டும் கலந்த வாடை, அது சமையலறை வழியாகக் கூடத்துக்குள் மெல்ல வந்து நின்றது. ஜன்னலில் காற்றுமணி அசையவே இல்லை.

"நான் வழுக்கி விழலை" என்றாள் மகள்.

அது அவள் குரல் இல்லை. இன்னும் சின்னக் குழந்தையின் குரல்.

"என்ன கண்ணு சொல்ற?"

"அம்மாதான் தூக்கிப் போட்டாங்க. மூடுனதும் ரெண்டு பேரும் மேல உக்காந்துட்டாங்க. நான் தட்டினேன். ரொம்ப நேரம் தட்டினேன்."

மனைவி எழுந்தாள். மகளின் கையைப் பிடித்தாள். "வாடி, அங்க நிறைய தண்ணி இருக்கு" என்று பின்பக்கம் அழைத்துப் போனாள்.

தடுக்க வேண்டும். எழுந்து ஓட வேண்டும். கால் வரவில்லை. குனிந்து பார்த்தார். அவர் விரல், காய்ந்த தட்டில் ஒட்டியிருந்த உப்பை வழித்து வழித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தது.

சிமெண்டில் இரும்பு உரசியது.

தண்ணீர் அலம்பியது.

மறுபடி இரும்பு.

எப்படி எழுந்தார், எப்படி ஓடினார், தெரியாது. மூடிமேல் மனைவி உட்கார்ந்திருந்தாள். முழங்கால் சேர்த்து. அடக்கமாக.

அடியில் தட்டும் சத்தம்.

"எந்திரிடி!" கத்தினார். கத்தியதாக நினைத்தார். வாய் திறக்கவே இல்லை.

"அப்பா!"

இது மகள். வேறு யாரும் இல்லை. அவர் பெற்ற மகளின் குரல். "அப்பா, இருட்டா இருக்குப்பா! மூடியைத் தூக்குப்பா!"

மனைவி கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள்.

"உக்காருங்க. கொஞ்ச நேரத்துல நின்னுடும்."

வேண்டாம், வேண்டாம் என்று மனசு அலறியது. உடம்பு கேட்கவில்லை. முழங்கால் மடங்கியது.

உட்கார்ந்தார். இரும்பு குளிர்ந்து கிடந்தது.

அவள் உள்ளங்கையை நீட்டினாள். அவர் ஒரு கல் உப்பை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டார். இருவருக்கும் கீழே ஒரு சின்னக் கை தட்டிக்கொண்டே இருந்தது.