பாதி நாக்கு

தோர்லைஃபின் உதட்டோரத்தில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை.

காத்திருக்கும் அறையில் தின்ற வாஃபிளின் துணுக்குகள் தாடியில் ஒட்டியிருக்க, ஈர ரப்பர் பூட்ஸும் மீன் வாடையுமாக உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, டாக்டர் மாரித்தைப் பார்த்துச் சிரித்தார். பல்லெல்லாம் சிவப்பு.

"நாக்கைக் கடிச்சிட்டீங்களா?"

"இல்லையே."

மாரித் காகிதக் கைக்குட்டையை நீட்டினாள். துடைத்தவர் அதை வெகுநேரம் பார்த்தார். "என்னோட ரத்தமா இது?"

வடதுருவத்தை ஒட்டிய தீவில் டிசம்பர் மாதம். நண்பகல். ஜன்னலுக்கு வெளியே நீல இருட்டில் துறைமுக விளக்குகள் எரிந்தன. சூரியன் மலைக்கு மேலே வர இன்னும் ஐந்து வாரம் இருந்தது. இருபத்திரண்டு வருடமாக இந்தத் தீவு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை பார்க்கிறவளுக்கு இருட்டு பழக்கம்தான். ஆனால் அன்று ஹீட்டர் சொடுக்கும் ஓசையும், தாழ்வாரத்தில் தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிடுவதும், கண்ணாடியில் பனித்துகள் உரசுவதும் அவள் காதில் தனித்தனியாக விழுந்தன. இந்த மனிதர் முன்பே ஒருமுறை வந்திருக்கிறார். என்ன சொல்லி அனுப்பினோம் என்பதுதான் நினைவில் இல்லை.

நாக்கைத் துணியால் பிடித்து வெளியே இழுத்தாள். கடிபட்ட இடத்தைத் தவிர எல்லாம் சுத்தமாக, இளஞ்சிவப்பாக இருந்தது. கையுறை விரலை வலப்பக்கமாக அடிநாக்குவரை விட்டாள். தசைக்குள்ளே, ஆழத்தில், பட்டாணி அளவில் ஒன்று. கல் மாதிரி. தள்ளினால் நகரவில்லை.

"வலிக்குதா?" விரலை எடுத்துக்கொண்டு கேட்டாள்.

"வலது பக்கம் எனக்கு இல்லவே இல்ல டாக்டர். வேற யாரோட நாக்கையோ வாயில வச்சிருக்கிற மாதிரி இருக்கு. மூணு வருஷம் முன்னாடியே சொன்னேனே."

மரத்துப்போக ஊசி போட்டு, சிறு துண்டு வெட்டியெடுத்து, நகரத்துக்கு அனுப்பினாள். அவர் போனதும் பழைய குறிப்பைத் திறந்தாள். அவளுடைய வாசகம்தான்: 'பார்வைக்கு எதுவுமில்லை. மன அழுத்தம். சூயிங்கம் மெல்லலாம். மறுபடி வரத் தேவையில்லை.'

அன்று விரலை விட்டுப் பார்க்கவில்லை. சாப்பாட்டு நேரமாகிவிட்டிருந்தது.

பத்தாம் நாள் ஹால்வார் போன் செய்தார். நகரத்து ஆய்வகத்தில் திசுக்களை நுண்ணோக்கியில் பார்க்கிறவர். எப்போதும் அவள் கையெழுத்தைக் கிண்டல் செய்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். அன்று செய்யவில்லை.

"நாக்கில இந்த வகைப் புற்றுநோயை மொத்த சர்வீஸ்ல ரெண்டே தடவைதான் பாத்திருக்கேன், மாரித். மெதுவா வளரும். மேல புண்ணா வராது. நரம்பைப் பிடிச்சுக்கிட்டு ஊர்ந்தே போகும். படம் அனுப்பியிருக்கேன், பாரு." பிறகு கேட்டார்: "மரத்துப்போய் எத்தனை நாளாச்சு அவருக்கு?"

"கொஞ்ச நாளாத்தான்," என்றாள் மாரித்.

"நல்லது. அப்படின்னா மண்டைப் பக்கம் போயிருக்காது."

படத்தில் சல்லடைக் கண்களாக ஓட்டைகள். நடுவில் வெளிறிய நரம்பு. அதைச் சுற்றி வளையம் வளையமாக இறுகியிருந்தன செல்கள். நாக்கின் நரம்புகள் எங்கே போகின்றன என்று அவளுக்குத் தெரியும். தாடைக்குக் கீழே. காதுக்குப் பக்கத்தில். மண்டையோட்டு ஓட்டைகள் வழியாக, உள்ளே. அசைக்கும் நரம்பையும் அது பிடித்துவிட்டால் நாக்குத் தசை தானாகவே துடிக்கும்.

மறுநாள் தோர்லைஃப் மனைவி ஒட்னியோடு வந்தார். மாரித் சொன்னாள். புற்றுநோய் என்ற சொல்லையும் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். ஒட்னிதான் முதலில் பேசினாள்.

"மூணு வருஷமா குளியலறைக் கண்ணாடி முன்னாடி நின்னு நாக்கைக் கிள்ளிக்கிட்டே இருந்தாரு. டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டாங்க, நோய் உன் மனசுலதான்னு நான் திட்டினேன். என்னையும் அவரைத் திட்ட வச்சீங்க."

"அப்ப பார்த்ததுல எதுவும் தெரியல..."

"பாத்தாத்தானே தெரியும்," என்றார் தோர்லைஃப். கோபமே இல்லாமல்.

மாரித்தால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கைவிளக்கை எடுத்தாள். "வாயைத் திறங்க. நாக்கை நீட்ட வேண்டாம். சும்மா விடுங்க."

போன முறை இழுத்துப் பிடித்துத்தான் பார்த்திருந்தாள். கிடக்கவிட்டுப் பார்க்கவில்லை.

திறந்தார்.

இடது பாதி அசையாமல் கிடந்தது.

வலது பாதி நெளிந்தது.

தோலுக்கு அடியில். இங்கே ஒன்று. அங்கே ஒன்று. ஈர மண்ணுக்குள் புழுக்கள் போல. நிற்கவில்லை.

"அசைக்காதீங்க," என்றாள்.

தோர்லைஃப் நாற்காலிக் கைகளை இறுகப் பற்றினார். மூச்சையும் அடக்கிக்கொண்டார்.

"அவர் அசைக்கலையே," என்றபடி ஒட்னி குனிந்தாள். விளக்கொளியில் அவளும் பார்த்தாள். வாய் பொத்திக்கொண்டாள்.

தோர்லைஃபின் கண்கள் மட்டும் இருவரையும் மாறி மாறிக் கேட்டன. அவருக்கு எதுவும் தெரியவில்லை. திறந்த வாய்க்குள் அது நெளிந்துகொண்டே இருந்தது.