மீதியில்லாத எண்

முனியம்மாவை வேலையிலிருந்து நிறுத்தி ஐம்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. ஆம்பூர் தோல் தொழிற்சாலையின் ஆய்வகத்துக்கு அவள் பின்வாசல் வழியாக வந்தாள்.

"வூட்ல இன்னும் சொல்லல மேடம். காலைல சோத்த கட்டினு வந்து பஸ் ஸ்டாண்டுல குந்தினு இருக்கேன்."

தோலில் கறை விழுந்தால் காரணம் கண்டுபிடிப்பவள் என்று வேதியியலாளர் சோபனாவுக்குப் பெயர். அவள் குழாயை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நான்கு மாதத்துக்கு முன் சேர்ந்த உதவியாளன் வசந்த் நோட்டை எடுத்தான்.

முந்நூற்று நாற்பது ஆட்டுத்தோல்கள். பழுப்பாக வேண்டியவை கறுப்பில் இறங்கிவிட்டன. தோல் எண்ணின் நடு மூன்று இலக்கம் நிறத்தைச் சொல்லும்: 218 பழுப்பு, 281 கறுப்பு. ஆர்டரில் 407218635. சாயம் போடுமுன் தோலில் முனியம்மா அச்சாகக் குத்தியிருந்தது 407281635.

"சீட்டுல இருந்ததத்தான் குத்தினேன்."

அந்தச் சீட்டு ஈரத்தில் கூழாகிவிட்டது. அலுவலகத்தில் ஆர்டர் எண்ணைத் தட்டினால் கணினி அதைச் சரிபார்த்துச் சீட்டு அச்சடிக்கும், எதையும் சேமித்து வைக்காது. தப்பான எண்ணைத் தட்டினால் திரை சிவக்கும், சீட்டு வராது. வந்ததால் சீட்டு சரி, தப்பு முனியம்மாவின் கையில் என்பது மேலாளர் நயீம் அகமதுவின் முடிவு.

மூவரும் கிடங்குக்குப் போனார்கள்.

"எப்படிக் குத்துவீங்க?" என்றாள் சோபனா.

"இலக்கத்துக்கு ஒரு அச்சு. ஒவ்வொண்ணா வச்சு சுத்தியால அடிக்கணும்."

வசந்த் தோல்களைப் புரட்டினான். எல்லாவற்றிலும் 281. "முந்நூத்தி நாப்பது வாட்டியும் ஒரே எடத்துலயா கை தவறும்? பத்து தோல்லயாவது சரியா வந்திருக்கணும். சீட்டுலயே தப்புக்கா. ஆனா திரை ஏன் செவக்கல?"

சோபனா மேலாளர் அறைக்கு நடந்தாள், மற்ற இருவரும் பின்னால் போனார்கள்.

"சார், ஆர்டர் எண்ணோட இலக்கத்த எல்லாம் கூட்டுங்க."

நயீம் கூட்டினார். "முப்பத்தாறு."

"ஒண்ணையும் எட்டையும் இடம் மாத்திக் கூட்டுங்க."

"அதுவும் முப்பத்தாறுதான்."

"கூட்டுத்தொகை ஒன்பதோட மடங்கான்னு மட்டுந்தான் கணினி பார்க்குது. இலக்கம் இடம் மாறினா கூட்டுத்தொகை மாறாது. ரெண்டு எண்ணுமே ஒன்பதால மீதியில்லாம வகுபடும். அதுக்கு ரெண்டும் சரிதான்."

வசந்த் போனில் வகுத்துக்கொண்டிருந்தான். "பதினொண்ணால வகுத்தா ஒண்ணுல மீதி பத்து, இன்னொண்ணுல ரெண்டு. மீதி வேற வேறயா வருது, பதினொண்ண வச்சிருந்தா மாட்டியிருக்கும்."

நயீமின் காதுகள் சிவந்தன. "அன்னிக்கு டைப்பிஸ்ட் லீவு. தட்டினது நான். செவக்கலியேன்னு..." முனியம்மாவைப் பார்க்க முயன்றார், மேசையைத்தான் பார்க்க முடிந்தது. "நாளைக்கு வந்துருங்கம்மா. நின்ன நாளுக்கும் கூலி உண்டு. மன்னிச்சிருங்க."

முனியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நயீம் போன வருடம்தான் இங்கே மாற்றலாகி வந்தவர். கோபத்தைத் திருப்ப அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. "எந்த அறிவாளி இந்த ஒன்பத வச்சது?"

வசந்த் சிரித்தான். சோபனா சிரிக்கவில்லை.

"ஒன்பது சுலபம் சார். பதினொண்ணு எழுத இன்னும் ரெண்டு நாள் ஆகும். எடம் மாறினா பிடிக்காதுன்னு அப்பவே தெரியும். யாரும் கேக்கலன்னு அப்படியே விட்டாச்சு."

"யாருக்குத் தெரியும்?"

வசந்தின் சிரிப்பு நின்றது. முனியம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு," என்றாள் சோபனா. "ஆறு வருஷத்துக்கு முன்ன அந்த புரோகிராம எழுதினது நான்தான்."