வயிற்றெரிச்சலும் ஹூய் மக்களும்

பவதாரிணிக்கு வயிறு எரிந்தது. மத்தியானம் சாப்பிட்ட மிளகாய் பஜ்ஜி மேல் பழியைப் போடலாம்தான். ஆனால் உண்மையான காரணம் முன் பெஞ்சில் ரெட்டை ஜடை போட்டு உட்கார்ந்திருந்தது. அதன் பெயர் காவ்யஸ்ரீ.

சனிக்கிழமை பள்ளியில் கண்காட்சி. தூர தேசத்தில் இருந்து வந்து வேறு ஊரில் குடியேறிய மக்களைப் பற்றி ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பேச வேண்டும். சுபலட்சுமி டீச்சர் சீட்டுக் குலுக்கிப் போட்டார். காவ்யஸ்ரீக்கு மட்டும் சீட்டே கிடையாது.

"நீ சௌராஷ்டிரா பொண்ணு. உங்க ஆளுங்க குஜராத்துல இருந்து மதுரைக்கு வந்த கதையை உங்க பாஷையிலயே பேசிரு!" என்றார் டீச்சர்.

வகுப்பே கை தட்டியது.

பவதாரிணியின் சீட்டில் 'ஹூய் மக்கள், சீனா' என்று இருந்தது.

"ஊய்ய்! ஊய்ய்!" என்று விசில் அடித்தான் முத்துக்குமரன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சாயங்காலம் பள்ளி வாசலுக்கு காவ்யஸ்ரீயின் அம்மா ஹம்சவேணி ஸ்கூட்டியில் வந்தார். மகளிடம் படபடவென்று ஏதோ பேசினார். பவதாரிணிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. காவ்யஸ்ரீ பெரிய மகாராணி மாதிரி தலையை மட்டும் ஆட்டினாள்.

'வீட்டில் பேச அவளுக்குத் தனியாக ஒரு மொழியே இருக்கு. எனக்கு என்ன இருக்கு? ஒரு தெற்றுப்பல்தான் இருக்கு. பெரிய இவ!' என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள் பவதாரிணி.

வெள்ளிக்கிழமை தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பவதாரிணி எட்டிப் பார்த்தாள். அந்த மகாராணியேதான்!

"எனக்குப் பேச வராதுடி," என்று தேம்பினாள் காவ்யஸ்ரீ. "தண்ணிக்குப் பாணி, சோத்துக்குப் பாத். இப்படி நாலு வார்த்தை, அம்புட்டுதான். அம்மா பேசுனா எல்லாம் புரியும். ஆனா நான் தமிழ்லதான் பதில் சொல்லுவேன். நாளைக்கு எங்க சொந்தக்காரங்கல்லாம் வாராங்க. எல்லாரும் சிரிக்கப் போறாங்க."

பவதாரிணிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். பொய் சொல்வானேன்? மனசுக்குள் ஒரு குத்தாட்டமே போட்டாள்.

அந்த நேரம் பார்த்து முத்துக்குமரன் வந்து நின்றான். "என்னாச்சு? ஏன் அழுவுறா?"

விஷயம் பவதாரிணியின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் போதும், பத்து நிமிடத்தில் பள்ளி முழுக்கப் பரவிவிடும். அவள் காவ்யஸ்ரீயைப் பார்த்தாள். அழுது அழுது மூக்கு தக்காளியாகச் சிவந்திருந்தது.

"கண்ணுல தூசிடா. நீ கிளம்பு!" என்று அவனை விரட்டினாள்.

பிறகு காவ்யஸ்ரீ பக்கத்தில் உட்கார்ந்தாள். "என் ஹூய் ஆளுங்களோட முன்னோர்ல நிறையப் பேரு பாரசீகத்துல இருந்தும் அரபு நாட்டுல இருந்தும் சீனாவுக்குப் போனவங்க. இப்ப அவங்க பேசுறது சீன மொழி. பழசுல கொஞ்சம் வார்த்தைதான் மிச்சம். நண்பனை 'தோஸ்தி'ன்னு கூப்பிடுவாங்களாம். அதுக்காக அவங்க ஹூய் இல்லைன்னு ஆயிருமா?"

"ஆகாது. ஆனா நாளைக்கு நான் என்ன பண்ண?"

"உனக்குத்தான் எல்லாம் புரியுமே! உங்கம்மாவை மேடைக்குக் கூப்பிடு. அவங்க பேசட்டும், நீ தமிழ்ல சொல்லு."

சனிக்கிழமை முதலில் பவதாரிணி ஹூய் மக்களைப் பற்றிப் பேசினாள். 'தோஸ்தி' என்றதும், "எங்க மாமாவும் தோஸ்துன்னுதான் சொல்வாரு!" என்று கத்தினான் முத்துக்குமரன். இந்தத் தடவை அவன் விசில் அடிக்கவில்லை.

அடுத்து காவ்யஸ்ரீ. "எனக்கு எங்க மொழி புரியும், பேசத்தான் வராது. அதனால எங்கம்மாவும் நானும் சேர்ந்து சொல்றோம்," என்றாள். அம்மா சொல்லச் சொல்ல, ஒன்று விடாமல் அழகாகத் தமிழில் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

அது பவதாரிணிக்குக் கிடைத்ததைவிடப் பலமான கைதட்டல். அவளுக்கு வயிற்றில் மறுபடியும் லேசாக என்னவோ செய்தது. மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு காவ்யஸ்ரீ டிபன் பாக்ஸோடு ஓடி வந்தாள். "எங்க போற? தோஸ்தி, வா, சாப்பிடலாம்!"

பவதாரிணி வயிற்றைத் தடவிப் பார்த்தாள். எரிச்சல் இல்லை, வெறும் பசிதான்.