அறுநூறு கே.பி. விளக்கு

காலை 10.20. ஹவுராவில் திருவேங்கடத்தின் பம்பு கம்பெனியில் ஒரு வரைபடம் திருடு போயிருந்தது. ஆனால் போன பொருள் இருந்த இடத்திலேயே இருந்தது. கணினித் திருட்டில் இதுதான் கூத்து. புது வால்வின் வரைபடத்தைப் போட்டிக் கம்பெனிக்காரர் மேஜையில் பார்த்த வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்திருந்தார்.

அது இருந்த கணினியின் பாஸ்வேர்டு நான்கு பேருக்குத்தான் தெரியும். முதலாளி திருவேங்கடம்; கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ராஜலக்ஷ்மி. இருவரும் கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அந்த வருஷம், 2003 ஜூனில், கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்த மேனேஜர் பத்மநாபன். அப்புறம், அதை வரைந்த தபன்.

"தபன்தான். ஃப்ளாப்பியில எடுத்துண்டு போயிருக்கான்" என்றார் திருவேங்கடம். "அனுப்பின மெயிலெல்லாம் பார்த்துட்டேன். பூஜை வாழ்த்துப் படங்கள், வேற ஒண்ணுமில்லை."

போலீஸுக்கு எழுதிய புகாரில் தபன் பெயர் ஏறிவிட்டது. துர்க்கா பூஜை விடுமுறை முடிந்து அன்றுதான் அலுவலகம் திறந்திருந்தது. தசமியன்று தேவியைக் கங்கையில் கரைத்த பிறகு இந்த ஊரில் விஜயா வாழ்த்து சொல்லி இனிப்பு கொடுப்பார்கள். தபனும் தேங்காய் உருண்டை கொண்டுவந்திருந்தான்.

"பதினோரு வருஷம், ராஜி தீதி" என்றான் வங்காளத்தில், அக்கா என்று எப்போதும் கூப்பிடுவதுபோல. "ஒரு போன் வந்தா போதுமா?"

ராஜலக்ஷ்மி திருவேங்கடத்தின் பக்கம் திரும்பினாள். போலீஸ் ஸ்டேஷன் ஏறியவனுக்கு இந்தத் தெருவில் எந்தப் பட்டறையும் வேலை தராது.

"மத்தியானம் வரைக்கும் டைம் கொடுங்க சார்" என்றாள்.

11.05. இணைய இணைப்பு இருந்தது ஒரே கணினியில்தான். எல்லோரும் அசையும் வாழ்த்துப் படங்களை அதிலுள்ள ஒரு ஃபோல்டரில் போட்டு, கம்பெனி விலாசத்திலிருந்தே அனுப்புவார்கள். ஃபோல்டர் சின்னச் சின்னப் படங்களாக விரிந்தது. துர்க்கை முகம், தாமரை, அகல்விளக்கு. இப்படிப் பார்த்தால் முகம்தானே தெரியும் என்று நினைத்தவள், டீடெய்ல்ஸ் பட்டியலுக்கு மாற்றினாள். படங்கள் மறைந்து, பெயர், அளவு, தேதி என்று வரிசைகள் வந்தன.

மற்றதெல்லாம் பத்து, இருபது கே.பி. 'சுப விஜயா' என்று எழுதிய அகல்விளக்கு மட்டும் அறுநூறு! தேதி, விடுமுறைக்கு முந்தைய பஞ்சமி, மாலை 4.10. அனுப்பிய மெயில்களில் தேடினாள்; முன்பின் தெரியாத ஒரே ஒரு விலாசத்துக்குப் போயிருந்தது.

அசையும் படம் என்பது பல படங்களின் அடுக்கு. பிரித்துப் பார்த்தாள். விளக்கு, விளக்கு, விளக்கு. ஏழாவது படம் வால்வு. ஓடும்போது ஒரு சிமிட்டல்போலத்தான் தெரிந்திருக்கும்.

12.30. முதலாளி அறையில் நால்வரும் இருந்தார்கள்.

"பத்மநாபன் சார், விஜயா வாழ்த்து எப்ப அனுப்பணும்?"

"லீவுக்கு முன்னாடியே அனுப்பிடணுமுங்க. அப்புறம் ஆபீஸ் ஏது?"

தபன் சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

ராஜலக்ஷ்மி விளக்கையும் வால்வையும் திரையில் காட்டினாள். "இது பஞ்சமியன்னிக்குப் போயிருக்கு. தேவியைக் கரைக்கறதுக்கு முன்னாடி இந்த வாழ்த்தைச் சொல்ல தபனுக்கு வாய் வராது. எனக்கும் வராது, முதலாளிக்கும் வராது. அதுக்கு முன்னாடி இங்கே ஒரு பூஜைகூடப் பார்க்காத ஒருத்தர்தான் அனுப்பியிருக்கணும்."

"அவங்க கோயம்புத்தூர் பிராஞ்சுல வேலை தர்றேன்னாங்க" என்றார் பத்மநாபன். "ஊருக்குத் திரும்பினாப் போதும்னு இருந்துதுங்க." அவள் மனம் இளகத்தான் செய்தது. அந்த இளக்கம் தபனுக்கு எதிரில் நிற்கவில்லை.

திருவேங்கடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போலீஸ் எதுக்கு, ராஜி? குடும்பஸ்தர், நம்ம தமிழ்க்காரர். ராஜினாமா எழுதி வாங்கிண்டுடலாமே."

"தபன் பேரை எழுதறச்ச, அவனுக்குக் குடும்பம் இருக்கான்னு யோசிச்சீங்களா சார்?"

தபனுக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் புரியும்; ஆனாலும் முதலாளி தலை குனிந்ததைப் பார்த்துக்கொண்டான். திருவேங்கடம் புகாரை எடுத்து, தபன் பெயரை அடித்துவிட்டு, அதன் மேலே பத்மநாபன் என்று எழுதினார்.