உரியவர் வந்து அழைத்துச் செல்லவும்

“அம்மா, கொஞ்சம் இரு. ஒரு பொண்ணு வந்து வாசல்ல இருக்கிற சூட்கேஸ் மேல உக்காந்திருக்கு... வாங்கற மூஞ்சி இல்ல. வேடிக்கை பாக்கற மூஞ்சி. எழுப்பிட்டு வரேன்.”

கடல் தாண்டி வந்த ஊரில் தமிழ் யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியத்தில், கடைக்குள் போனில் பேசிக்கொண்டிருந்தான் அவன். மெரூன் நிறப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“உக்காந்து பாத்தாத்தானே பெட்டி தாங்குமான்னு தெரியும்,” என்றாள். “இத அந்த மூஞ்சி பாக்கற ஜோசியர்கிட்ட சொல்லுங்க.”

உள்ளே பேச்சு நின்றது. “அம்மா... அப்புறம் பேசறேன்.”

வெளியே வந்தான். அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். தூக்கம் போதாதது போல இமை கனத்த கண்கள். ஆனால் அந்தக் கண்களுக்குள் ஒரு சிரிப்பு கடை விரித்து உட்கார்ந்திருந்தது...

“தாங்குதா?”

“பரவால்ல. கொஞ்சம் முனகுது.”

“முனகாம என்ன பண்ணும்... நீங்க போட்டிருக்கிற குளிர் ஜாக்கெட்டோட கனத்தச் சொல்றேங்க, உங்கள இல்ல.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். வாங்க வந்த இடத்தில் சிரித்துவிட்டால் விலை ஏறிவிடும் என்று சின்ன வயதிலேயே அப்பா சொல்லி வைத்திருந்தார்.

அப்பாவுக்கு ஊரில் பாத்திரக் கடை. அவள் இந்த ஊருக்கு மேற்படிப்பு படிக்க வந்தவள். வந்த புள்ளைகள் எல்லாம் வீட்டை நினைத்து, சாப்பாட்டை நினைத்து, சிலர் நாய்க்குட்டியை நினைத்து அழுதார்கள். இவள் ஏங்கியது ஊரில் இருந்த மாலுக்காக. வெளியே சொன்னால் சிரிப்பார்களே என்று அறைத்தோழியிடம் மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து அறையில் அவள் பெயர் ‘மால் மகாராணி’.

மால் என்றால் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை. குடும்பமே கிளம்பும். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எந்தக் கடையில் யாவாரம் படுத்துக் கிடக்கிறது என்று பார்த்துப் பார்த்து மனம் குளிர்வார். அம்மா சென்ட் கடையில் இரண்டு மணிக்கட்டிலும் இரண்டு வாசனை இலவசமாக அடித்துக்கொண்டு, மோந்து பார்த்தபடியே சுற்றுவாள். தம்பி எஸ்கலேட்டரில் ஏறுவான், இறங்குவான், மறுபடி ஏறுவான். ஒலிபெருக்கியில் யாருடைய குழந்தையாவது காணாமல் போய்க்கொண்டே இருக்கும். ஒரு குண்டூசிகூட வாங்காமல், ஏதோ பெரிய லாபம் பார்த்தது போல வீடு திரும்புவார்கள்.

இந்த ஊரிலும் மால் என்று ஒன்று இருந்தது. இரண்டே மாடி. ஒரே எஸ்கலேட்டர், அதுவும் ஏறுவதற்கு மட்டும். இறங்க வேண்டுமானால் கட்டடத்தின் பின்பக்கம் போய்ப் படியில் நடக்க வேண்டும். சாயங்காலம் எட்டிப் பார்ப்பதற்குள் ஷட்டர் விழுந்துவிடும். ஜனங்கள் வேண்டியதை எடுத்தார்கள், பணம் கட்டினார்கள், போனார்கள். நின்று வேடிக்கை பார்க்க ஒரு ஜீவன் இல்லை.

“அப்ப எதுக்குத்தான் வந்தீங்க?” என்று அன்று அவன் கேட்டான்.

“சும்மா.”

அவன் முகம் மலர்ந்தது. “சும்மா வர்ற ஆளப் பாத்து எத்தன நாளாச்சு... நல்லா உக்காருங்க.”

அது அவன் சித்தப்பாவின் கடை. சித்தப்பா மொத்தக் கொள்முதலுக்கு ஊர் ஊராக அலைய, கல்லாவில் இவன். ஊரில் இவன் அப்பாவுக்கும் பெட்டிக் கடைதான்... பயணப் பெட்டி விற்கிற கடை.

அதற்குப் பிறகு வாரா வாரம் வந்தாள். வந்ததும் மெரூன் பெட்டிக்கு விலை கேட்பாள். சொல்வான். சரிபாதிக்குக் கேட்பாள்.

“அந்த விலைக்கு மூடி மட்டும்தான் தருவேன்.”

“மூடிய நீங்களே வெச்சுக்கங்க. அடிப்பாகம் போதும்.”

“சக்கரம் வேண்டாமா?”

“தள்ளிக்கிட்டுப் போக ஆள் கெடைப்பாங்க.”

அவன் விலையைக் குறைக்கவே இல்லை. அவள் ஏற்றவும் இல்லை. வியாபாரம் முடிந்துவிட்டால் அடுத்த வாரம் எதைச் சொல்லி வருவது...

ஒருநாள் பேய்மழை. கண்ணாடிக் கூரையில் தண்ணீர் வழிந்து, மால் முழுக்க நீருக்கடியில் இருப்பது போல மங்கிக் கிடந்தது. அந்நேரம் பார்த்து ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டாள். ஊர் மாலில் நின்றுகொண்டு பேசினாள் அம்மா. பின்னால் அத்தனை இரைச்சல். இவள் போனை வைத்தாள். இவள் கண்களிலும் கூரைபோலவே நீர் தேங்கி நின்றது.

அவன் கையைக் குவித்து வாயில் வைத்துக்கொண்டான். ஒலிபெருக்கி போல மூக்கால் பேசினான்.

“கனிவான கவனத்துக்கு... நீல ஜாக்கெட் போட்ட பொண்ணு ஒண்ணு பெட்டிக்கடை வாசல்ல தனியா நிக்குது. பேரம் நல்லாப் பேசுது. உரியவர் உடனே வந்து அழைத்துச் செல்லவும்.”

அவள் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். நெஞ்சுக்குள் என்னவோ எஸ்கலேட்டரில் ஏறியது. இந்த ஊர் எஸ்கலேட்டர்... ஏற மட்டும்தான் தெரியும்.

அவனுக்கும் அப்படித்தான் என்று அவன் கண் சொன்னது. ஆனால் வாய் திறக்க வேண்டுமே? இரண்டும் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். முதலில் விலையைச் சொல்கிறவன் ஏமாந்தவன் என்று கேட்டே வளர்ந்தவர்கள். அவன் சொல்லட்டும் என்று அவள்... அவள் சொல்லட்டும் என்று அவன்...

படிப்பு முடிந்தது. சனிக்கிழமை விமானம். அதற்கு முந்தைய நாள் கடைசியாகக் கடைக்குப் போனாள். இன்றைக்காவது ஒரு வார்த்தை சொல்வான்.

“நாளைக்கு ஊருக்குப் போறேன். பெட்டி என்ன விலை?”

அவன் பெட்டியைத் துடைத்தான். ஏற்கெனவே துடைத்த பெட்டி.

“நீங்க கேட்ட விலைக்கே எடுத்துக்குங்க.”

சுருக்கென்றது. இத்தனை மாதம் சல்லிக்காசு இறங்காதவன் ஒரே பேச்சில் இறங்கிவிட்டான். எந்தச் சரக்கை அப்படித் தள்ளிவிடுவார்கள் என்று பாத்திரக் கடைக்காரர் மகளுக்குத் தெரியாதா? கண்ணைவிட்டுப் போனால் போதும் என்கிற சரக்கைத்தான்.

“எனக்கு வேண்டாம்,” என்று திரும்பி நடந்தாள்.

நடக்கும்போதே காது பின்னாலேயே இருந்தது. அம்மாவின் பழைய வித்தை இது. வேண்டாம் என்று நடந்தால் கடைக்காரர் கூப்பிட்டே தீர வேண்டும். இவன் கூப்பிடவில்லை. பின்பக்கப் படி வந்தது. மெதுவாக இறங்கினாள். வேண்டுமென்றே மெதுவாக. குரல் வரவில்லை. முன்பக்கக் கண்ணாடிக் கதவு வந்தது. வெளியே மழை.

கதவுக்கு இந்தப் பக்கமே நின்றாள். திரும்பிப் போனால் தோற்ற மாதிரி. போகாமல் விட்டால்... ஆயுசுக்கும் நெஞ்சில் முள்ளாய் நிற்கும். போகட்டும், தோற்றே போகலாம். எஸ்கலேட்டரில் ஏறினாள்.

கடையில் விளக்கு எரிந்தது. பாட்டு ஓடியது. ஆள் இல்லை.

அந்த நேரத்தில் நரைத்த தலையோடு ஒரு தம்பதி வந்து, மெரூன் பெட்டியைக் காட்டி விலை கேட்டார்கள். விற்பவள் என்று நினைத்துவிட்டார்கள் போலும். அவளுக்குள் இருந்த பாத்திரக் கடை விழித்துக்கொண்டது. மெரூன் விற்பனைக்கு இல்லை, அதற்கு ஆள் இருக்கிறது என்று அந்த ஊர் பாஷையில் சொன்னாள். நீலப் பெட்டியை இழுத்துப் போட்டு, ஜிப்பைத் திறந்து மூடி, மேலே உட்கார்ந்தும் காட்டினாள். சொன்ன விலைக்கே வாங்கிப் போனார்கள்.

பணத்தைக் கல்லாவின் மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தால், எஸ்கலேட்டர் முனையில் அவன். தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்து, மூச்சு இரைத்துக்கொண்டு...

“பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடினேன்,” என்றான். “நீங்க இங்க நிக்கறீங்க.”

“நீங்க படியில எறங்கறப்ப நான் இதுல ஏறியிருக்கேன்போல. நடக்கும்போதே கூப்பிட வேண்டியதுதானே?”

“கூப்பிட்டா நீங்க ஜெயிச்ச மாதிரி ஆயிடுமேன்னு நின்னுட்டேன். அதுக்குள்ள ஆளக் காணோம்.”

“அப்புறம் எதுக்கு அந்த விலைக்குக் குடுக்கறேன்னீங்க?”

“ஊருக்குப் போறவங்ககிட்ட போய் என்னத்தப் பேரம் பேசறது...” குரல் தாழ்ந்தது. “கேட்டதக் குடுத்தா சந்தோஷமாப் போவீங்கன்னு நெனச்சேன்.”

“கடைய யார்கிட்ட விட்டுட்டு ஓடினீங்க?”

அவன் சுற்றும் பார்த்தான். அப்போதுதான் அதுவே அவனுக்கு உறைத்தது. “யார்கிட்டயும் விடலயே...”

அவள் அப்பா, தன் கல்யாணத்தன்றுகூடக் கடைக்கு ஆள் வைத்துவிட்டுத்தான் மணையில் உட்கார்ந்தவர். திறந்த கடையை அப்படியே போட்டுவிட்டு மழையில் ஓடியிருக்கிறான் இவன். இதற்கு மேல் ஒரு கடைக்காரர் பிள்ளை வாயால் வேறு சொல்ல வேண்டுமா?

கையைக் குவித்து வாயில் வைத்தாள்.

“கனிவான கவனத்துக்கு... கடைக்காரர் ஒருத்தர் நனைஞ்சுபோய் நிக்கறாரு. உரியவர் வந்து அழைத்துச் செல்லவும்.”

“உரியவங்க வந்தாச்சா?”

“வந்தாச்சு,” என்றாள். “ரொம்ப நாளா வாரா வாரம் வந்துக்கிட்டுத்தான் இருக்கா. உங்களுக்குத்தான் மூஞ்சி பாக்கத் தெரியல.”

“எனக்கும் உங்களத்தான் பிடிச்சிருக்கு. மொத நாள்லேர்ந்து.” ஈரத் தலையைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான். “எங்கம்மாவ உங்க ஊருக்கு வரச் சொல்றேன். வீட்டுக்கு வரலாமா?”

“மொதல்ல மாலுக்கு வரச் சொல்லுங்க. சென்ட் கடைகிட்ட ரெண்டு கையையும் மோந்து பாத்துக்கிட்டு ஒருத்தர் நிப்பாங்க. அவங்கதான் எங்கம்மா.”

அவன் சிரித்தான். மெரூன் பெட்டியை அவள் பக்கம் தள்ளினான்.

“அப்ப இதுக்கு என்ன விலைதான் போடறது?”

பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை நிமிர்த்தவில்லை.

“வீட்டு ஆளுக்கு யாராவது விலை போடுவாங்களா...”