படிக்கட்டுச் சுவரில் கையழுக்கு

அந்தச் சின்ன வீட்டின் படிக்கட்டுச் சுவரில், கைரியா தீட்டி வைத்த இடத்தில் கையழுக்கு இல்லை. கைப்பிடிக்குக் கீழே தீட்டியிருந்தாள். இப்போது அது கைப்பிடிக்கு மேலே இருந்தது.

கட்டுகஸ்தோட்டையில் அவர்கள் குடியிருந்த மாடி வீட்டைப் போலவே, மேசையில் வைக்கிற அளவில், தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்த வீடு அது. மகள் றம்லத் பொம்மை வீடு கேட்டதால் தொடங்கியது. பலகை அறுத்து முடிவதற்குள் காய்ச்சல் வந்து பிள்ளை மவுத்தாகிவிட்டாள். ஏழு வயது.

நாற்பதாம் நாள் கத்தம் ஓத ஆட்கள் வருவார்கள் என்று கணவர் ஹலீம் மாடி வீட்டுக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்தார். படியேறும்போதெல்லாம் றம்லத் சுவரைத் தடவிக்கொண்டே போனதில் படிந்திருந்த அழுக்கு ஒரே நாளில் மறைந்துபோனது. கைரியா அழவில்லை. மறுநாள் அந்தப் பலகை வீட்டைத் தூக்கி மேசையில் வைத்தாள்.

அது புது வீடாக இருக்கக் கூடாது. சுண்ணாம்பில் மணல் கலந்து பூசி, ஊசியால் வெடிப்புக் கீறினாள்; இரும்புத் தும்பை வினாகிரியில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைத் தொட்டுத்தொட்டு கூரையோர மழைப்பீலிக்குத் துரு ஏற்றினாள்; மலைப்பக்கச் சுவரின் ஈரக்கசிவைத் தேயிலைச் சாயத்தில் ஊறவிட்டு, அதன் கசப்பு மணம் கூடமெங்கும் நிற்க, கடைசியாக அந்தச் சின்ன விரல்களின் அழுக்கை அதே சாயத்தில் தீட்டினாள். ஆள் பொம்மை மட்டும் செய்யவில்லை. உருவம் செய்ய மனம் ஒப்பவில்லை.

கைப்பிடிக்கு மேலே கண்ட அடுத்த நாள், அந்தத் தடம் இன்னும் மேலே ஏறியிருந்தது.

“இதத் தொட்டீங்களா?”

“நான் எனத்துக்குத் தொட?” ஹலீம் கிட்டவே வரவில்லை. “மூடி வை, கைரியா. பார்க்க ஏலாம ஈக்குது.”

அவள் மூடவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. பிள்ளை வளர்கிறாள். எட்டு வயது, பத்து வயது, தாயின் தோளுயரம். இருந்திருந்தால் அந்தச் சுவரில் எங்கெங்கே கை வைத்திருப்பாளோ, அங்கங்கே வைக்கிறாள். கைரியா அன்றுதான் வாய்விட்டு அழுதாள். “வளருங்க மகள்,” என்று அந்தச் சின்ன ஜன்னலுக்குள் சொன்னாள். “உம்மா பார்த்துக்கொண்டு ஈக்கிறேன்.”

ஆனால் அது நிற்கவில்லை. தாயின் உயரத்தைத் தாண்டியது. வாசல் நிலையைத் தாண்டியது. உள்ளங்கை அப்படியே சின்னதாக இருக்க, விரல்கள் மட்டும் நீண்டுகொண்டே போயின. ஒரு காலையில் சுவரில் இடம் முடிந்து, தடங்கள் கூரைப் பலகையில் ஏறியிருந்தன.

“போதும் மகள்,” என்றாள்.

அன்று மாலை ஹலீம் மஃரிபு தொழப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். மழை. பீலியில் தண்ணீர் கொட்டும் சத்தம். கைரியா விளக்கைக் கிட்டப் பிடித்துச் சின்ன வீட்டுக்குள் பார்த்தாள்.

ஒரு தடமும் இல்லை. சுவரெல்லாம் சுத்தமாக இருந்தது. வெள்ளையாக.

தேயிலைச் சாயத்தின் மணம் வந்தது. மேசையிலிருந்து அல்ல. முதுகுக்குப் பின்னால், படிக்கட்டுப் பக்கமிருந்து.

திரும்பினாள். ஹலீம் அடித்த பெயிண்டில், மேல்மாடியிலிருந்து இறங்கி வந்த ஈரத் தடங்கள். சுவரில் இல்லை. மேலே, கூரைப் பலகையில். ஒன்று. அடுத்தது. முன்கை அளவுக்கு நீண்ட விரல்கள். நடுவில் ஏழு வயதுப் பிள்ளையின் உள்ளங்கை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று விழுந்தது. கிட்டத்தில். பிறகு அவள் தலைக்கு நேர் மேலே.

நின்றது.

ஒரு சொட்டு அவள் நெற்றியில் விழுந்தது. காய்ச்சல் சூடு.

ஓடலாம். வாசல் திறந்துதான் இருந்தது. மேலே மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது, ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்ட அதே இழுப்பு.

“மகள்?”

கைரியா நிமிர்ந்து பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை மட்டும் மேலே நீட்டினாள்.

சின்ன உள்ளங்கை ஒன்று அவள் கைக்குள் வந்து அடங்கியது. பிறகு விரல்கள் இன்னும் நீண்டு மணிக்கட்டைச் சுற்றி, முழங்கையைச் சுற்றி, தோள் வரைக்கும் மெல்ல, மெல்ல இறுகின.