தண்ணீர் எங்கிருந்து வந்தது?

டிங்... டிங்... டிங்... டிங்...!

ஒன்பதாம் அறையின் மணி!

மதியம் இரண்டு பத்து. அந்த முதியோர் இல்லம் முழுக்கக் குறட்டை. ஒன்றரை மணி டீயைக் குடித்த இருபத்திரண்டு பேரும் அடித்துப் போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இருபத்து மூன்றாவது ஆள் மட்டும் விடாமல் மணியை அழுத்திக்கொண்டிருந்தார்.

துண்டு அக்கா ஓடினாள்.

குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டுவது, வாய் துடைப்பது... ஒன்பது வருடமாக அவளுடைய வேலை இதுதான். தோளில் துண்டு இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. சொந்தப் பெயரை அவளே மறந்துவிட்டிருக்கலாம்.

கதவைத் தள்ளினாள்.

ஹெட்மாஸ்டர் செத்துக்கொண்டிருந்தார்!

சக்கர நாற்காலியில்... முகம் நீலம் பாரித்து... வாயோரம் தண்ணீர் வழிய...

"சார்! முன்னால சாயுங்க சார்!"

அவளே சாய்த்தாள். தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள். ஒன்று... இரண்டு... மூன்று...

நான்காவது தட்டில் இருமினார். ஐந்தாவதில் திட்டினார்.

"யார்ரா அது முதுகுல அடிக்கிறது?"

பிழைத்துவிட்டார்.

அக்கா துண்டால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். நாற்காலிக்கு இடப்பக்க மேசையில் ஒரு டம்ளர். அடியில் கொஞ்சம் தண்ணீர்.

வெறும் தண்ணீர்!

பக்கவாதம் வந்ததிலிருந்து ஹெட்மாஸ்டருக்குச் சரியாக விழுங்க வராது. டீயோ தண்ணீரோ, பவுடர் கலந்து கூழ் பதத்துக்குக் கெட்டியாக்கித்தான் தர வேண்டும். வெறும் தண்ணீர் வயிற்றுக்குப் போகாமல் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். விஷம் தேடி அலையும் கொலைகாரர்கள் கேள்விப்பட்டால் நொந்துபோவார்கள்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்க?"

வாசலில் மேனேஜர் அம்மா. கசங்காத புடவை. கையில் செல்போன்.

"பவுடர் போடாமலா குடுத்த?"

"நான் குடுக்கல மேடம்!"

"பின்ன... தண்ணி தானா நடந்து வந்துச்சா?"

மேனேஜர் அம்மா முதலில் போலீசைக் கூப்பிட்டார். அப்புறம்தான் டாக்டரை.

டாக்டர் வந்தார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். "நெஞ்சு சுத்தமா இருக்கு. ராத்திரிச் சாப்பாடு கொஞ்சம் முன்னாடியே, பாத்து, மெதுவா குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்ஸ்பெக்டர் போகவில்லை.

"சார், தண்ணி யார் குடுத்தாங்க?"

"யாரும் குடுக்கல" என்றார் ஹெட்மாஸ்டர்.

"நீங்களே எடுத்துக் குடிச்சீங்களா?"

"இல்ல."

"அப்ப?"

"வந்துச்சு."

"எங்கேர்ந்து?"

"எங்கேர்ந்தும் இல்ல. வாய்கிட்ட வந்துச்சு. உள்ள போயிடுச்சு."

இன்ஸ்பெக்டர் நோட்டில் எழுதப் போய், நிறுத்திக்கொண்டார்.

"பாவம், ஞாபகம் சரியில்ல" என்றார் மேனேஜர் அம்மா. "இவ பவுடர் போட மறந்திருக்கா. இது முதல் தடவையா இருக்காதுன்னு நினைக்கிறேன்."

அக்கா கணக்குப் போட்டாள். வேலை போகும். அது போனால் போகட்டும். கேஸ் ஆனால்? இனிமேல் எந்த வீட்டில், எந்த இல்லத்தில் அவளை ஒரு நோயாளியின் பக்கத்தில் விடுவார்கள்?

வராந்தாவில் இருந்த கேமராவைப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றரையிலிருந்து இரண்டு பத்துக்குள் ஒன்பதாம் அறைக்குள் போனது மூன்றே பேர்.

ஒன்றரைக்கு டீ டம்ளரோடு அக்கா. ஒன்று நாற்பதுக்கு ஹெட்மாஸ்டரின் மருமகன். இரண்டு மணிக்கு, கையில் ஒரு ஃபைலோடு மேனேஜர் அம்மா.

"நான் படுக்கை விரிப்பு மாத்தியிருக்கான்னு பாக்கப் போனேன்" என்றார் மேனேஜர் அம்மா. "அந்த மருமகனைக் கேளுங்க. வாரா வாரம் வந்து அவர்கிட்ட கத்திட்டுப் போறார்!"

மருமகனை வரவழைத்தார்கள். மீசையும் கோபமுமாக வந்தார்.

"கத்துவேன் சார். பத்தாங்கிளாஸ்ல என்னை ஃபெயில் போட்டவர் இவர். அதே வருஷம் என் பேப்பரை மறுபடி திருத்தியிருந்தா..."

"அதுக்காகக் கொல்லப் பாத்தீங்களா?"

"கொன்னுட்டா யார்கிட்ட சார் சண்டை போடறது?"

அதுவும் நியாயம்தான்.

ஆறு மணிக்கு ஹெட்மாஸ்டருக்குச் சாப்பாடு வந்தது. மசித்த சோறு, மசித்த காய். அக்கா இன்ஸ்பெக்டரைத் தயக்கத்தோடு பார்த்தாள்.

"சார்... ரெண்டு நிமிஷம் நின்னு இவர் சாப்பிடறதப் பாருங்க."

ஹெட்மாஸ்டர் வலது கையால் கரண்டியைப் பிடித்து நிதானமாகச் சாப்பிட்டார். பிறகு தலையை நிமிர்த்தினார்.

"அவ்வளவுதானா?"

இன்ஸ்பெக்டர் தட்டை எட்டிப் பார்த்தார். வலது பாதி துடைத்து வைத்தாற்போல் காலி. இடது பாதி அப்படியே இருந்தது.

"சார், பாதி மிச்சம் இருக்கே!"

"எங்க?"

அக்கா இன்ஸ்பெக்டரைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள். "கண்ணுல கோளாறு இல்ல சார். இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதையே மூளை விட்டுடுச்சு. நான் தட்டைத் திருப்பி வெச்சாத்தான் மீதி தெரியும். எதைக் குடுத்தாலும் வலது பக்கம்தான் வைப்பேன். மணியைக்கூட வலது கைப்பக்கம் கட்டியிருக்கேன்."

"டம்ளர் இருந்தது...?"

"இடது பக்கம் சார். அந்தப் பக்கம் நின்னு புகட்டினா, ஆள் யாருன்னே இவருக்குத் தெரியாது. ஆனா... இவருக்கு ஒரு வேளை சோறு குடுத்தவங்ககூட அங்க டம்ளர் வைக்க மாட்டாங்க சார். கையே அந்தப் பக்கம் போகாது."

இன்ஸ்பெக்டர் மீசை இல்லாத இடத்தைத் தடவிக்கொண்டார். "ரெண்டு டம்ளர் தண்ணி கொண்டாங்கம்மா. கெட்டியாவே கலந்து."

முதலில் மருமகன் வந்தார். "மாமாவுக்கு இதை வெச்சிடுங்க" என்று டம்ளரை நீட்டினார் இன்ஸ்பெக்டர்.

வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது இடது மேசைதான். மருமகன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய் வலப்பக்க ஸ்டூலில் வைத்தார்.

"ஏன் சார் சுத்திப் போறீங்க?"

"அந்தப் பக்கம் நின்னு திட்டினா இவர் கண்டுக்கவே மாட்டார் சார். வேஸ்ட்."

அடுத்து மேனேஜர் அம்மா வந்தார்.

டம்ளரை வாங்கினார். இரண்டே எட்டு. இடது மேசையில் 'டக்'கென்று வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.



"சார்" என்றார் இன்ஸ்பெக்டர். "இப்ப இங்க யார் வந்தாங்க?"

ஹெட்மாஸ்டர் நிதானமாகப் பார்த்தார்.

"யாரும் வரலையே!"

அவருடைய தோளிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நின்றிருந்த மேனேஜர் அம்மாவின் முகம் வெளுத்தது!

அக்கா மேனேஜர் அம்மாவின் முழங்கையைப் பிடித்து நாற்காலியின் பின்பக்கமாக வலது புறம் கூட்டி வந்தாள்.

"அட, மேனேஜர் அம்மா!" என்றார் ஹெட்மாஸ்டர். "எப்ப வந்தீங்க?"

"பராமரிப்பு ஃபைல்ல வாராவாரம் கையெழுத்துப் போட்டிருக்கீங்க மேடம்" என்றார் இன்ஸ்பெக்டர். "பவுடர் விஷயம் அதுலேர்ந்துதான் தெரிஞ்சிருக்கும். இடது பக்க விஷயமும் அதுலதான இருக்கு? படிக்கலையா?"

மேனேஜர் அம்மா உடைந்தார்.

"நாளைக்கு ஆய்வு அதிகாரி வர்றாராம்... அவருக்கு லெட்டர் எழுதி வெச்சிருக்கேன்னு இவர் சாப்பாட்டு ஹால்ல சொன்னார் சார்! டீயில தூக்க மாத்திரை போடறத எழுதியிருப்பார்! மத்தவங்க எல்லாம் தூங்கிடுவாங்க. இவர் டீயை மட்டும் இவ தனியா பவுடர் போட்டுக் கலக்கறா, அதுல மாத்திரை போட முடியல. இவர் மட்டும் முழிச்சுக்கிட்டே இருந்தா... எல்லாம் தெரிஞ்சிருக்குமில்ல?"

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

"தூக்க மாத்திரையா? இது எங்களுக்குத் தெரியாதே மேடம். மெதுவா சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"லெட்டரா?" என்று மருமகன் சட்டைப் பையைத் துழாவினார். "இதுவா? தபால்ல போடச் சொல்லி மத்தியானம் எங்கிட்ட குடுத்தார்."

இன்ஸ்பெக்டர் பிரித்தார். தாளின் வலது பாதியில் மட்டும் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தது. உரக்கப் படித்தார்.

"'ஐயா, இந்த இல்லத்தில் எனக்குப் பாதித் தட்டுச் சாப்பாடுதான் பரிமாறப்படுகிறது. சத்தம் போட்டால் மட்டும் மீதிப் பாதி வருகிறது. அதுவரை அதை எங்கே ஒளித்து வைக்கிறார்கள்? என் சந்தேகம் துண்டு அக்கா மேல். தக்க நடவடிக்கை எடுக்கவும்.'"

தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலி. மாத்திரை என்ற சொல்லே எங்கும் இல்லை.

மேனேஜர் அம்மா கட்டில் விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"துண்டு அக்கா" என்றார் இன்ஸ்பெக்டர். "கொலை முயற்சியிலேர்ந்து உங்களை விட்டாச்சு. ஆனா எழுத்து மூலமா உங்க மேல ஒரு புகார் இருக்கு."

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் துண்டால் துடைத்துக்கொண்டாள்.

"அஞ்சு நிமிஷம் பொறுங்க சார். இவர் இன்னும் சாப்பிட்டு முடிக்கல."

சொல்லிவிட்டுத் தட்டைத் திருப்பி வைத்தாள்.

ஹெட்மாஸ்டர் தட்டைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். வெற்றியோடு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

"பாத்தீங்களா இன்ஸ்பெக்டர்? கையும் களவுமா மாட்டிக்கிட்டா!"